தீர்ப்பு எழுதிய கட்டடத்தில் இப்போது ஓவியங்கள்!

சிங்கப்பூர் டூர் என்றால் மெர்லயன் சிலை, சந்தோசா தீவு, முஸ்தபா சென்டர் ஷாப்பிங் என நம்மவர்கள் கையில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். மெர்லயனிலிருந்து பதினைந்து நிமிட நடையில் இருக்கும் தேசியக் கலைக்கூடம் அதில் அநேகமாக இருக்காது. ஓவியத்தில் ஆர்வம் இல்லாதவர்கள்கூட அந்தக் கட்டடத்துக்காகவே ஒருமுறை போய் வரலாம்.

பாடாங் திடலைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு அரசுக் கட்டடங்கள்தான் இன்றைய கலைக்கூடம். ஒன்று, 1929-ல் திறக்கப்பட்ட நகர மண்டபம். 1945-ல் ஜப்பானியப் படை சரணடைந்ததும், 1959-ல் லீ குவான் யூ பிரதமராகப் பதவியேற்றதும் இங்கேதான். மற்றொன்று, 1939-ல் திறக்கப்பட்ட உச்ச நீதிமன்றம்.

2005-ல் நீதிமன்றம் புதிய கட்டடத்துக்குப் போனது. நகர மண்டபத்திலிருந்த அலுவலகங்களும் காலியாகின. ஓர் அங்குல இடத்துக்கும் கணக்குப் பார்க்கும் ஊரின் மையத்தில், இவ்வளவு பெரிய இரண்டு கட்டடங்களை என்ன செய்வது?

ஒரு விடை அருகிலேயே இருந்தது. 1928-ல் கட்டப்பட்ட ஃபுல்லர்டன் கட்டடம், பொதுத் தபால் நிலையம் இயங்கிய இடம். 2001 முதல் அது சொகுசு ஹோட்டல். அழகாகத்தான் பராமரிக்கிறார்கள். ஆனால், ஒரு காலத்தில் ஸ்டாம்ப் ஒட்ட வந்த சாமானியர், இன்று அங்கே ஒரு காபி குடிக்க பர்ஸைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பாடாங் கட்டடங்களுக்கு அந்த வழி வேண்டாம் என அரசு முடிவெடுத்தது. 53.2 கோடி சிங்கப்பூர் டாலர் செலவில், 2015 நவம்பர் 24-ல் கலைக்கூடம் திறக்கப்பட்டது. பழைய சுவர்களை நிற்கவைத்தபடியே அடியில் தோண்டி அடித்தளம் அமைத்தார்கள். இரண்டு கட்டடங்களையும் பாலங்கள் இணைக்கின்றன. மேலே, மரம்போலக் கிளை விரிக்கும் தூண்கள் தாங்கும் கண்ணாடிக் கூரை.

அதைவிட முக்கியம், எதையெல்லாம் இடிக்காமல் விட்டார்கள் என்பது. விசாரணைக் கைதிகள் காத்திருந்த சிற்றறைகளில் இரண்டு அப்படியே இருக்கின்றன. நான்கு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். மூலையில் ஒரு கழிப்பறைக் கோப்பை. தீர்ப்புக்காக ஒருவர் இங்கே உட்கார்ந்திருந்த அந்த நேரம் எப்படி நகர்ந்திருக்கும்? பளபளப்பான காட்சிக்கூடத்துக்கு நடுவே இதையும் மறைக்காமல் வைத்ததற்குத் தனியாகப் பாராட்டலாம்.

நீதிமன்ற அடிக்கல்லுக்குக் கீழே 1937-ன் நாளிதழ்களும் நாணயங்களும் புதைக்கப்பட்டிருக்கின்றன. 3000-ம் ஆண்டில்தான் எடுக்க வேண்டுமாம்!

ஓவியங்களில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும் என்றால், சுவா மியா டீ 1959-ல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு'. வெவ்வேறு பின்னணி கொண்டவர்கள் வட்ட மேஜையைச் சுற்றி அமர்ந்து மலாய் படிக்கிறார்கள். கரும்பலகையில் இரண்டே கேள்விகள்: 'உன் பெயர் என்ன? எங்கே வசிக்கிறாய்?' சுயாட்சி பெற்ற ஆண்டில் ஒரு தேசம் தன்னையே கேட்டுக்கொண்டதுபோல இருக்கிறது.

நிரந்தரக் காட்சிகளைப் பார்க்க உள்ளூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு டிக்கெட் உண்டு. சிட்டி ஹால் எம்.ஆர்.டி நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான்.

வெளியே வந்ததும் உடனே டாக்ஸி பிடிக்க வேண்டாம். 1943 ஜூலை 5-ல் நேதாஜி 'டெல்லி சலோ' என முழங்கியது, இதே கட்டடத்தின் எதிரே, இதே பாடாங்கில். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளமானோர் அந்தப் படையில் இருந்தார்கள். திடலைத் தாண்டினால் எஸ்பிளனேட் பூங்கா. அந்தப் படைக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தை 1945-ல் பிரிட்டிஷார் தகர்த்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.