சொல்லாமல் விட்ட ஒன்பது நாட்கள்



வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் உடனே அடிக்கலாமா, மூன்று நாள் அவகாசம் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியை எப்போதாவது ஒரு மௌலவியிடம் நீங்கள் கேட்டிருப்பீர்கள். மழைக் காலம் தொடங்கினால் என்னிடம் இக்கேள்வி வராத வருடமே இல்லை. கேட்பவர்களுக்கு "மூன்று நாள்" என்பது மட்டும் ஞாபகமிருக்கும். அது எந்தச் சம்பவத்தை ஒட்டிச் சொல்லப்பட்டது என்பது ஞாபகமிராது.

அது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள சம்பவம். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அகழ் யுத்த நேரம். புதிதாக நிக்காஹ் முடித்த அன்ஸாரி வாலிபர் ஒருவர், நடுப்பகலில் நபி (ஸல்) அவர்களிடம் அனுமதி பெற்று வீட்டுக்குப் போய் வருவார். ஒருநாள் ஆயுதத்தையும் எடுத்துச் செல்லுமாறு நபியவர்கள் கூறினார்கள். அவர் வீட்டை அடைந்தபோது மனைவி வாசலில் நின்றார். பார்த்ததும் ரோஷம் பொங்கி, அவரை நோக்கி ஈட்டியை ஓங்கிவிட்டார். அந்தப் பெண்ணோ, ஈட்டியை நிறுத்திக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள், நான் ஏன் வெளியே நிற்கிறேன் என்பது தெரியும் என்றார். உள்ளே படுக்கையில் பெரிய பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. அவர் அதைக் குத்தி, ஈட்டியோடு வெளியே கொண்டுவந்து நட்டார். அது துடித்து அவரைத் தாக்கியது. முதலில் இறந்தது பாம்பா, வாலிபரா என்றே தெரியவில்லை என்கிறார் இதை அறிவிக்கும் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள். மதீனாவில் இஸ்லாத்தை ஏற்ற ஜின்கள் உண்டு, எனவே மூன்று நாள் எச்சரியுங்கள் என்று நபியவர்கள் சொன்னது அதற்குப் பிறகுதான். இது மதீனாவுக்கு மட்டும் உரியதா, எல்லா ஊருக்கும் உரியதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இந்த ஹதீஸைப் பேசும்போது நாம் பாம்பைப் பேசுகிறோம், ஜின்னைப் பேசுகிறோம். வாசலில் நின்ற அந்தப் பெண்ணைப் பேசுவது குறைவு. அறையை விட்டு வெளியே வந்தார். கணவர் கண்ணில் படும் இடத்தில் நின்றார். தன்னை நோக்கி ஈட்டி ஓங்கப்பட்ட நிலையிலும், உள்ளே ஒன்று இருக்கிறது என்பதைச் சொன்னார். எனக்கு இந்த ஹதீஸில் பெரிதாகப் படுவது அதுதான். ஏனென்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் உள்ள மாடிக் கட்டடத்துக்கு, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க அஸருக்குப் பின் போய் வந்தேன். ஒருநாள் படியேறும்போதே கூச்சல். "மௌலவி, பிரிட்ஜுக்குப் பின்னால பாம்பு ஈக்கிது!" என்றார் அந்த வீட்டுச் சகோதரி. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தார். குசினிக் கதவை மூடி, கீழ் இடுக்கில் ஈரத் துவாயை அடைத்து வைத்திருந்தார். அப்படிச் செய்ய அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஆண்கள் மூவர் தடியோடு நின்றுகொண்டு, "அடிக்கலாமா மௌலவி?" என்று என்னிடம் பத்வா கேட்டார்கள்!

அப்போது மேல்மாடி வாலிபர் ஒருவர் முகம் வெளிறி இறங்கி வந்தார். "அடிக்க வாணாம் அங்கிள். அது என்ட."

ஒருவரும் பேசவில்லை. ஆபிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு இனமாம். விஷம் கிடையாது, பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். யாரிடமோ நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் ஒளித்து வளர்த்திருக்கிறார். பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாமல் அது வெளியேறி அன்றோடு ஒன்பது நாள். இவ்வகைப் பாம்புகள் பகலில் இடுக்கில் ஒளிந்து இரவில் நடமாடும், வாரக்கணக்கில் தின்னாமலும் இருக்கும், சூடுள்ள இடத்தைத் தேடும். பிரிட்ஜின் பின்புறம் அதற்கு நல்ல இடந்தானே.

தலையணை உறையில் அதைப் பிடித்துப் போட்டார். அன்றே வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து ஒப்படைத்தார்கள். நமது நாட்டில் 1937ஆம் ஆண்டிலிருந்தே தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதிப் பத்திரமின்றி வெளிநாட்டிலிருந்து ஊர்வனவற்றைக் கொண்டு வருவது குற்றம். அந்தப் பயத்தால்தான் வாலிபர் வாய் திறக்கவில்லை. அவருடைய உம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவரும் திறக்கவில்லை. இடையில் ஒருநாள், மூன்றாம் மாடியில் வேலைக்கு வரும் பெண், குளியலறையில் ஏதோ ஊர்ந்ததைக் கண்டதாகச் சொல்லி அழுதிருக்கிறார். ஜின்னாக இருக்கும், தண்ணீர் ஓதித் தெளியுங்கள் என்று அவர் வாயை அடைத்துவிட்டார்களாம். பாவம், அவர் கண்டது உண்மை!

குழந்தையின் உம்மா அன்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "பாம்பு வந்ததுக்கு நான் ஏசல்ல தாத்தா. என்ட புள்ள ஒம்பது நாளும் தரையில பாயில தூங்கின. ஒங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது."

விஷமில்லாத சிறு பாம்புதானே, என்ன ஆகியிருக்கும் என்று கேட்டவர்களும் உண்டு. அந்தப் பாம்பால் குழந்தையைக் கொன்றிருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் எல்லாப் பாம்பும் அப்படியல்ல. 2013 ஆகஸ்டில், கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துக் கெம்பல்டன் நகரில், ஊர்வன விற்கும் கடைக்கு மேலிருந்த வீட்டில் பெரிய ஆபிரிக்க மலைப்பாம்பு ஒன்றை வளர்த்தார்கள். ஓர் இரவு அது கூட்டிலிருந்து காற்றுக் குழாய் வழியே புறப்பட்டு, கூரையால் கீழே விழுந்து, அங்கே விருந்தாளிகளாக வந்து உறங்கிய சகோதரர் இருவரை நெரித்துக் கொன்றது. வயது 6, 4. 2016இல் உரிமையாளரைக் குற்றவாளி அல்ல என்று நடுவர் குழு விடுவித்தது. சட்டம் விடுவித்தது சரி, அந்தத் தாயின் மடி?

அண்டை வீட்டாருக்கு நம் தீங்கிலிருந்து அச்சமில்லாமல் இருக்க வேண்டும் என்பதை நபியவர்கள் மூன்று முறை சத்தியமிட்டு உணர்த்தியிருக்கிறார்கள். ஹதீஸைக் கேட்டதும் நாம் நினைப்பது குப்பையும் சத்தமும்தான். தெரிந்த ஆபத்தைச் சொல்லாமலிருப்பதும் அதில் அடங்கும் என்பதே என் அபிப்பிராயம். வெட்கப்பட்டோ, பொலிஸுக்குப் பயந்தோ மறைத்தால் அது அடுத்த வீட்டுப் பிள்ளையின் பாயில் போய்க் கிடக்கும்.

"காசு கொடுத்து வாங்கினது" என்று அந்த வாலிபர் திரும்பத் திரும்பச் சொன்னார். நமது ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலிலேயே, பயனற்ற ஊரும் பிராணிகளின் விற்பனை செல்லாது என்று இருக்கிறது. பாம்பு, தேள், எலி எல்லாம் அதற்கு உதாரணமாகச் சொல்லப்படுபவை. பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவளிக்காமல், தேடித் தின்னவும் விடாமல் கொன்ற பெண்ணின் கதை உங்களுக்குத் தெரியும். அடைத்து வைத்தவருக்கு அடைபட்ட உயிரின் பொறுப்பும் உண்டு, அது தப்பிப் போனால் வரும் பொறுப்பும் உண்டு.

இனி, வீட்டில் நீங்கள் தனியாக இருக்கும்போது கண்டால்: பிள்ளைகளோடு வெளியே வாருங்கள், கதவைச் சாத்தி இடுக்கை அடையுங்கள், பக்கத்து வீடுகளுக்குச் சத்தமாகச் சொல்லுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1992. கொழும்பில் எலியைத் தேடி வரும் சாரையும், பல்லியைத் தேடி வரும் சிறு பாம்பும் விஷமற்றவை. ஆனால் அந்தச் சிறு பாம்பின் உடலில் கட்டுவிரியனைப் போலவே வளையம் இருக்கும். தூரத்தில் நின்று வித்தியாசம் பார்க்கும் பரீட்சை உங்களுக்கு வேண்டாம். கட்டுவிரியன் தூங்குபவரை இரவில் கடிக்கும், பல சமயம் வலியே தெரியாது.

2016இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்றின்படி, ஓராண்டில் சுமார் 80,000 பேரை இலங்கையில் பாம்பு கடித்தது. 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் கிராமத்தவர்கள். கடித்தால் கயிறு இறுக்கிக் கட்டுவதும், கீறி இரத்தம் எடுப்பதும், விஷக்கல் வைப்பதும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து 1990 அம்பியூலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஓத விரும்பினால் தாராளமாக ஓதுங்கள், போகும் வழியில். பாம்பைப் பிடித்து எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. எப்படி இருந்தது என்று சொன்னாலே டாக்டருக்குப் போதும்.