அப்பாவின் பெயர் இந்த வருஷமும் படிவத்தில்

பிப்ரவரி 9, 2025, எடிசன்

வரிக் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அப்பா பெயர் திரையில் வந்ததும் இவர் தட்டுவதை நிறுத்திவிட்டார். "மாமா செப்டம்பர்லயே போயிட்டாரே, போடலாமா?"

போடலாம். உயிரோடு இருந்தவரை மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், 2024 முழுவதற்கும் அப்பா எங்களைச் சார்ந்தவர், அதாவது டிபெண்டன்ட்தான். மாதக் கணக்குப் பார்த்துக் குறைப்பதில்லை. டிசம்பர் 31 இரவு பிறக்கும் குழந்தைக்கும் இதே சலுகை உண்டு. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு இப்படியொரு தாராள மனசு!

பிப்ரவரி 16

நிபந்தனைகளில் ஒன்று: அப்பாவின் வருமானம் 2024-இல் 5,050 டாலருக்குக் கீழே இருந்திருக்க வேண்டும். இங்கே அவருக்குச் சல்லிக்காசு வருமானம் கிடையாது. ஆனால் கும்பகோணம் வீட்டு மாடி வாடகை மாதம் 8,000 ரூபாய். கிரீன் கார்டு வாங்கியவருக்கு எந்த ஊரில் வரும் பணமும் சேர்த்தி. வீட்டு வரி, வெள்ளையடித்த கூலி எதையும் கழிக்காமல் முழு வாடகையைப் பார்க்க வேண்டுமாம். செப்டம்பர் வரை 72,000 ரூபாய். டாலராக்கினால் ஆயிரத்தைத் தொடவில்லை. டெபாசிட் வட்டியைச் சேர்த்தாலும் வரம்புக்கு வெகு கீழே.

மார்ச் 2

மனதைப் பிசைந்த கணக்கு இதுதான். அவருடைய பராமரிப்பில் பாதிக்கு மேல் நாங்கள் செய்திருக்க வேண்டும். அவர் இருந்த அறைக்கு வெளியில் என்ன வாடகை கிடைக்கும் என்று போட வேண்டும். மருந்து, காது மெஷின் பாட்டரி, கம்பளி சட்டை எல்லாம் உண்டு. மளிகைச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுக்க வேண்டும். கடைசி மாதங்களில் அப்பா சாப்பிட்டது ரெண்டு கை தயிர்சாதம். பக்கத்தில் உட்கார்ந்து ஏழெட்டு தோசை முழுங்கியவன் என் பிள்ளை. சட்டத்தின் முன் இருவரும் சமம்.

அப்பா பாங்கில் தொடாமல் வைத்திருந்த பணம் கணக்கில் வராது. அவருக்காகச் செலவழித்தது மட்டுமே பராமரிப்பு.

டாலஸிலிருந்து தங்கை அனுப்பியதைக் கூட்டியும் எங்கள் பங்கு பாதியைத் தாண்டியது. யாருமே பாதியைத் தாண்டாமல் பிள்ளைகள் சேர்ந்து தாங்கியிருந்தால், பத்து சதவீதத்துக்கு மேல் கொடுத்தவர்களில் ஒருவர் மட்டும் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அப்படிக் கொடுத்த மற்றவர்கள் விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். அதற்கு 2120 என்று ஒரு படிவம். நம் ஊர் பங்காளிகளுக்கும் இப்படி ஒரு காகிதம் இருந்திருக்கலாம்.

மார்ச் 16

தகனச் செலவை எங்கள் வரியில் கழிக்க முடியாது, பராமரிப்பிலும் சேர்க்க முடியாது. பெரும் சொத்து விட்டுப்போனவர்களின் எஸ்டேட் வரியில்தான் அதற்கு இடம். 2024-இல் அந்த வரி தொடங்குவதே 1 கோடியே 36 லட்சம் டாலருக்கு மேல். அப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அவர் போன பிறகு வந்து சேர்ந்த ஆஸ்பத்திரி பில்களை நாங்கள் கட்டினோம். கட்டிய வருஷத்தில் கழிக்கலாம்தான். ஆனால் வருமானத்தில் 7.5 சதவீதத்துக்கு மேற்பட்டது மட்டுமே, அதுவும் செலவுகளை இனம்வாரியாகக் காட்டினால்தான். 2024-இல் தம்பதிக்குப் பொதுக் கழிவே 29,200 டாலர் இருந்தபோது எங்களுக்கு அது பிரயோஜனப்படவில்லை.

ஏப்ரல் 6

அனுப்பியாயிற்று. கிடைத்த வரிச் சலுகை 500 டாலர்.

கோயிலில் ஒருவர் கேட்டார்: "மதுரையில இருக்கற எங்கம்மாவுக்கு மாசாமாசம் அனுப்பறேன், நானும் போடலாமா?" முடியாது. அமெரிக்கக் குடியுரிமையோ, இங்கே வசிப்பவர் என்ற தகுதியோ வேண்டும். இல்லையென்றால் கனடா, மெக்சிகோவில் வசிக்க வேண்டும். "யார் பார்க்கப் போறா" என்று சொல்லிக்கொடுப்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

இறந்துவிட்டார் என்பதற்காக அந்த வருஷக் கணக்கில் அப்பா, அம்மா பெயரை விட்டவர்கள், தாக்கல் செய்து மூன்று வருஷம் ஆகாமலிருந்தால் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்திக் கேட்கலாம்.