அக்காள் எண்ணிய நேரம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான். அந்தக் கணக்கே ஒருமுறை என்னைத் தலைகுனிய வைத்தது.

ஈராண்டுகளுக்கு முன், ஜூலை மாதத்தில், சிங்கப்பூரில் வாழ்ந்த என் அக்காள் நோயுற்று மருத்துவமனையில் இருந்தார். துணைக்கு நான் சென்றிருந்தேன். அவருடைய ஒரே மகள் நியூயார்க்கில் பணிபுரிபவள். "மாமா, செவ்வாய் இரவு 10.30 மணிக்கு விமானம்; நேரே வந்துவிடுவேன்" என்று தொலைபேசியில் கூறினாள்.

"எத்தனை மணி நேரமாகும், தம்பி?" என்று அக்காள் கேட்டார்.

தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர். "17 மணி நேரம், அக்கா. புதன் பிற்பகல் வந்துவிடுவாள்" என்றேன்.

புதன் வந்தது. பிற்பகல் கழிந்தது, மாலையும் கழிந்தது. மகள் வரவில்லை. அக்காள் உணவைத் தொடவில்லை. "வழியில் ஏதேனும் நேர்ந்துவிட்டதோ?" என்று நடுங்கினார். இரத்த அழுத்தம் ஏறிவிட்டதென்று செவிலி என்னைக் கடிந்துகொண்டார். அப்போதுதான் என் பிழை எனக்கு உறைத்தது.

தட்டிலிருந்த ஆரஞ்சுப் பழத்தைக் கையிலெடுத்தேன். "பாருங்கள், அக்கா, இது உலகம். சிங்கப்பூர் இங்கே, நியூயார்க் ஏறக்குறைய நேர் மறுபுறம். அங்கே செவ்வாய் இரவு 10.30 என்றால் இங்கே புதன் காலை 10.30. கோடையில் 12 மணி நேர வேறுபாடு, குளிர்காலத்தில் 13. மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிச் செல்கிறது. ஆயினும் விமானிகள் எப்போதும் அவ்வழியே வருவதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று வீசுகிறது. சற்றுச் சுற்றானாலும், அக்காற்று பின்னின்று தள்ளும் வழியை நாடுவதுண்டு. ஆகவே பயணம் 18 மணி நேரத்திற்கும் மேலாகும்."

அக்காள் பழத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியானால் என் பிள்ளை இன்னும் வானத்தில்தான் இருக்கிறாள்" என்றார். பின் சிறிது கஞ்சி அருந்தி உறங்கினார்.

வியாழன் வைகறை ஐந்து மணியளவில் விமானம் சாங்கியில் இறங்கியது. பெட்டியோடு நேரே மருத்துவமனைக்கு வந்த மகள், தாயின் கட்டிலருகே மண்டியிட்டாள். ஆரஞ்சுப் பழம் அப்போதும் அக்காளின் தலையணையருகே இருந்தது. அதன்பின் மூன்று வாரங்களே அவர் எங்களோடு இருந்தார்.

நியூயார்க்கை அடுத்த நுவார்க்கிற்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2004-இல் இடைநிற்காத விமானம் பறக்கத் தொடங்கியது. 2013-இல் நின்று, 2018-இல் மீண்டும் வந்தது. 2020-இல் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திற்கும் அச்சேவை கிடைத்தது. இத்தகைய வசதி இல்லாதிருந்தால் அந்த மூன்று வாரங்களில் ஒரு பகுதி வழியிலேயே கழிந்திருக்கும்.

அன்புள்ள வாசகர்களே, நோயுற்றுக் காத்திருப்பவரிடம் பயண நேரத்தை மட்டும் கூறாதீர்கள். வந்து சேரும் கிழமையையும், அவர் ஊர்க் கடிகாரம் அப்போது காட்டும் மணியையும் கூறுங்கள். பெட்டி எடுத்து வெளிவரவும் வீடு சேரவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தே கூறுங்கள். நமக்கு அது கணக்கு. காத்திருப்பவருக்கோ அது வாக்குறுதி.