அப்பாவோட ஆர்எக்ஸ் 100-ம் அந்தக் கறுப்பு டப்பாவும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, எழுதினா மானம் போயிடுமேன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. வண்டி சமாச்சாரம்னு பாதியில எந்திரிச்சுப் போயிடாதீங்க மக்களே. ரெண்டு பேர் ரோட்டுல விழுந்து எந்திரிச்ச கதையும் இதுல இருக்கு.

எங்க மல்லாங்கிணறு வீட்டுல அப்பாவோட யமஹா ஆர்எக்ஸ் 100 ஒண்ணு இருக்கு. 1985-ல எஸ்கார்ட்ஸ் கம்பெனியோட கூட்டு சேந்து யமஹா நம்ம நாட்டுல இறக்குன வண்டி. 1996-ல நிறுத்திட்டாங்க. 98 சிசி, 11 குதிரை சக்தி, எடை நூறு கிலோவும் சொச்சமும்தான். அதான் அந்த இழுவை. இதுல மல்லி மூட்டையும் வத்தல் மூட்டையும் வச்சு விருதுநகர் மார்க்கெட்டுக்கு ஓட்டுனவர் அப்பா. ஒரு நாளும் வழியில நின்னதில்லைம்பார்.

அது என் கைக்கு வந்துச்சு. நமக்குத்தான் சும்மா இருக்க முடியாதே! 'ஓப்பன் ஃபில்டர் மாட்டு, பிக்கப் பிச்சுக்கும், சவுண்டு அதிரும்'னு கூட்டாளி ஒருத்தன் ஏத்திவிட்டான். கார்ப்பரேட்டருக்குப் பின்னாடி இருந்த கறுப்பு ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழட்டிப் பரண்ல போட்டேன். கார்ப்பரேட்டர் வாயில பளபளன்னு ஒரு கூம்பு ஃபில்டரைச் சொருகினேன். சவுண்டு அதிரத்தான் செஞ்சுச்சு. தெருவே திரும்பிப் பார்த்துச்சு. அப்பா மட்டும், "இருந்ததுல என்னப்பா குறை?"ன்னு கேட்டுட்டுப் பேப்பரை எடுத்துக்கிட்டார்.

ரெண்டு மாசம் போச்சு. ஆக்சிலரேட்டரை விட்டாலும் சத்தம் உடனே இறங்கல. சூடானா வண்டி தானா ரேஸ் ஆச்சு. ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி அடக்கிட்டேன். ப்ளக்கைக் கழட்டிப் பார்த்தா வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. 'ஆஹா, கரியே இல்லாம சுத்தமா எரியுது'ன்னு சந்தோஷப்பட்ட புண்ணியவான் நான்.

ஒரு ஞாயித்துக்கிழமை, அருப்புக்கோட்டையில சொந்தக்காரங்க வீட்டு விசேஷம். அப்பாவைப் பின்னாடி உட்கார வச்சுக் கிளம்பினேன். கல்குறிச்சி தாண்டி நாலு வழிச்சாலை. ரோடு சும்மா கிடக்கு, நானும் முறுக்கிட்டேன். வண்டி என்னிக்கும் இல்லாத துள்ளலா ஓடுச்சு. திடீர்னு இன்ஜின் சத்தம் அடங்கி, பின் சக்கரம் கிரீச்சுன்னு இறுகிடுச்சு. கிளட்சைப் பிடிக்க எனக்கு ஒரு நொடி ஆச்சு. அந்த ஒரு நொடியில வண்டி கோணி, ஓரத்து மண்ணுல ரெண்டு பேரும் சாஞ்சோம். பின்னாடி வந்த லாரி ஹாரனை அழுத்திக்கிட்டே ஒதுங்கிப் போச்சு. அப்பா வேட்டி கிழிஞ்சு முழங்கால்ல ரத்தம். அவர் எந்திரிச்சதும் கேட்டது, "வண்டிக்கு மூச்சு முட்டிருச்சோ?"

முட்டலைங்க. அளவுக்கு மீறி மூச்சு விட்டிருக்கு. அதைச் சொன்னவர் எங்க ஊர் மெக்கானிக் அண்ணாச்சி.

"தம்பி, கார்ப்பரேட்டரைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க"ன்னார். ஆட்டினேன், ஆடுச்சு. டார்ச் அடிச்சு இன்ஜின் பக்க ரப்பரோட அடிப்பக்கத்தைக் காட்டினார். தலைமுடி கனத்துல ஒரு வெடிப்பு.

"இதுக்கு முன்னாடி ஒரு கை, பின்னாடி ஒரு கை. பின்னாடி பிடிச்சிருந்தது அந்த டப்பாதான். அதை எடுத்துட்டீங்க. போதாததுக்கு ஃபில்டரையும் அதும்மேலயே தொங்கவிட்டிருக்கீங்க. ஒத்தைக் கையில எத்தனை நாள் தம்பி தாங்கும்?"

கணக்கு இதான். ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காத்து வேணும். அந்த டப்பா எவ்வளவு காத்தை விடும்னு பார்த்துத்தான் கம்பெனிக்காரன் ஜெட்டைத் தேர்ந்தெடுக்கிறான். நான் டப்பாவை எடுத்தேன், ஜெட்டை மாத்தல. வெடிப்பு வழியா திருட்டுக் காத்து வேற. காத்து கூடி பெட்ரோல் குறைஞ்சா சூடு ஏறும். அலுமினிய பிஸ்டன் வீங்கி சிலிண்டரைக் கவ்விக்கும். கவ்வறதுக்கு முன்னாடி வண்டி நல்லா ஓடுற மாதிரியே இருக்கும், அதான் கொடுமை.

'அப்போ இரும்புப் பட்டை போட்டு கார்ப்பரேட்டரை இறுக்கிட்டா?'ன்னு கேட்டேன். அதுவும் தப்பாம். அதிர்வுல கிண்ணத்துக்குள்ள பெட்ரோல் நுரை கட்டும். அதனாலதான் 1950-கள்லயே பிஎஸ்ஏ கோல்டு ஸ்டார் பந்தய வண்டிகள்ல மிதவைக் கிண்ணத்தைத் தனியாப் பிரிச்சு ரப்பர்ல மாட்டினாங்க. தாங்கணும், ஆனா மெத்துன்னு தாங்கணும்.

போரிங், ஓவர் சைஸ் பிஸ்டன்னு காசைக் கொட்டினதுல நான் கத்துக்கிட்டது:

1. பழைய வண்டி வாங்குனா முதல்ல ரெண்டு பக்க ரப்பரையும் மடக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தாலோ வெடிச்சிருந்தாலோ மாத்திடுங்க. இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதுக்காகச் செஞ்சதில்லை.

2. காத்து கசியுதான்னு பார்க்க சிலர் ஓடுற இன்ஜின்ல பெட்ரோலைத் தெளிப்பாங்க. பட்டாசு மாவட்டத்துக்காரன் சொல்றேன், வேணாம்! ரப்பரைச் சுத்தி கிரீஸ் தடவுங்க, இல்ல சோப்புத் தண்ணி விடுங்க. இன்ஜின் சத்தம் மாறினா கசிவு இருக்கு.

3. எங்க ஊருக்கு எண்ணெய் தடவுன ஸ்பாஞ்ச் ஃபில்டரும் டப்பாவும்தான் சரி. கரிசல் புழுதி, காரியாபட்டி பக்கத்துக் கல்குவாரித் தூசி, ஐப்பசி மழை மூணையும் அது தாங்கும். ஸ்பாஞ்சைக் கழுவினா முறுக்காதீங்க, அமுக்கிப் பிழிங்க.

4. ஓப்பன் ஃபில்டர்தான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்க, அதோட கனத்தைத் தாங்க சட்டத்துல இருந்து ரப்பர் வச்ச ஒரு பட்டை போடுங்க. அதோட வாய் கார்ப்பரேட்டர் வாயில இருக்கிற குட்டிக் காத்து ஓட்டைகளை அடைக்கக் கூடாது. மெயின் ஜெட்டைப் பெருசாக்கணும். ஊசி கிளிப்பை ஒரு காடி கீழ இறக்கினா நடு வேகத்துல பெட்ரோல் கூடும். ப்ளக் காபிப்பொடி நிறத்துக்கு வரணும். வெள்ளைன்னா ஓட்டாதீங்க.

பரண்ல தேடினா டப்பாவைக் காணோம். அம்மா அதுல துணி கிளிப் போட்டு வச்சிருந்தாங்க. கழுவி, புது ரப்பர் போட்டு மாட்டினேன். பழைய சாதுவான சத்தம் வந்துச்சு. தெருவுல ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல.

முழங்கால் காயம் ஆறின அப்புறம் "ஏறுங்கப்பா"ன்னேன். அப்பா ஒரு நிமிஷம் குனிஞ்சு, கார்ப்பரேட்டரை விரலால லேசா ஆட்டிப் பார்த்தார். ஆடல. அப்புறம்தான் ஏறி உட்கார்ந்தார்.