வாடகையே இ.எம்.ஐ. கட்டுமா?

“வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிரும் சார்” என்று பிளாட் விற்கிறவர் சொன்னால், தலையாட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

சென்னை மேடவாக்கம் பக்கம் 60 லட்சத்துக்கு ஒரு டபுள் பெட்ரூம் என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவுக் கடனுக்கு வங்கி 80 சதவீதம் வரைதான் தரும். அதாவது 48 லட்சம். பத்திரச் செலவு அதில் சேராது, நம் கைக்காசுதான். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். வாடகை 16,000 என்றால், மிச்சம் 25,650 சம்பளத்திலிருந்து போகும்.

வருட வாடகை 1.92 லட்சம். வீட்டு விலையில் 3.2 சதவீதம், அவ்வளவுதான். அதிலும் மெயின்டனன்ஸ், சொத்து வரி, குடித்தனக்காரர் மாறும்போது பெயின்ட், நடுவில் பூட்டிக் கிடக்கும் மாதம் எல்லாம் கழியும்.

வரிச் சலுகை இருக்கே என்பார்கள். பழைய வரி முறையில், வாடகையை வட்டி மிஞ்சுவதால் வரும் வீட்டுக் கணக்கு நஷ்டத்தை 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் அந்த நஷ்டம் சம்பளத்துப் பக்கமே வராது. எந்த புரோக்கரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை!

விலை ஏறும் என்று நம்பி வாங்குகிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். ஆனால் ஏறுவது மண்ணின் விலை, கட்டடம் பழசாகத்தான் போகும். அதனால் யு.டி.எஸ்., அதாவது அந்த மண்ணில் உங்கள் பிரிபடாத பங்கு, எத்தனை சதுர அடி என்று முதலில் கேளுங்கள், மாடுலர் கிச்சனை அப்புறம் பார்க்கலாம்.