மனத்தின் நோயும் மனையின் கடமையும்

மேனியில் புண் தோன்றினால் மருந்திடுகிறோம். மனத்தில் நோய் தோன்றினால் மறைத்து வைக்கிறோம். இவ்வேறுபாடு எத்துணைக் கொடியது என்பதை எம் உறவுக்குள்ளேயே கண்டுணர்ந்தவர்கள் நாம்.

அமராவதி பாயும் தாராபுரத்தில் எம்மோடு வளர்ந்தவர் எம் மாமு மகன். கல்லூரியில் இரண்டாமாண்டு பயிலுங்கால், கலகலப்பாகப் பழகிய அவர் மெல்ல மெல்ல ஒடுங்கினார். நண்பர்களைத் தவிர்த்தார்; குளிப்பதையும் மறந்தார். இரவெல்லாம் விழித்திருந்து, ஆளில்லாத அறையில் எவருக்கோ விடை கூறினார். அண்டை வீட்டார் தம் சிந்தனையை ஒட்டுக் கேட்பதாகவும், உணவில் நஞ்சு கலக்கப்படுவதாகவும் உறுதியாக நம்பினார். 'சோம்பல்' என்றனர் சிலர். 'செய்வினை' என்றனர் சிலர். 'நிக்காஹ் முடித்தால் சரியாகிவிடும்' என்றனர் வேறு சிலர். ஏர்வாடியில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அப்போது எம் பாட்டனார், "துஆவை நாம் கேட்போம்; தவாவை மருத்துவர் தரட்டும்" என்று கூறி, அவரைக் கோவைக்கு அழைத்துச் செல்லப் பணித்தார்.

அங்கு மனநல மருத்துவர் குருதியைச் சோதிக்கச் செய்தார். தலையையும் படம் எடுக்கச் செய்தார். ஆயினும் நோயின் பெயர் அவற்றில் கிடைக்கவில்லை. மூளைக்கட்டி, வலிப்பு, தைராய்டுக் கோளாறு, போதைப்பொருள் ஆகியன காரணமல்ல என்று தெளியவே அவை உதவின. மனச்சிதைவு எனப்படும் ஸ்கிசோஃப்ரினியாவைக் காட்டும் குருதிச் சோதனை இன்றளவும் இல்லை. நோயாளியின் சொல்லும், உடனிருந்தோர் கூறும் வரலாறுமே நோயறிதலுக்கு அடிப்படை. எனவேதான் மருத்துவர் எம் மாமியிடம் நெடுநேரம் வினவினார்: எப்போது தொடங்கியது? எவ்வளவு காலம் நீடித்தது? உறக்கம் எப்படி?

இல்லாத குரல் கேட்டல், எச்சான்றாலும் அசையாத தவறான நம்பிக்கை, கோவையற்ற பேச்சு ஆகியன வெளிப்படையான அறிகுறிகள். முகத்தில் உணர்ச்சி குன்றுதல், பேச்சு அருகுதல், ஊக்கம் இழத்தல் ஆகியன ஓசையின்றி வருபவை; சோம்பல் எனப் பழிக்கப்படுபவையும் இவையே. முதன்மையான அறிகுறிகள் ஒரு மாதமேனும் நீடிக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு. முன்பின் அறிகுறிகளையும் சேர்த்து 6 மாதம் என்பது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறை. ஒருவருக்குள் இருவர் வாழ்வது இந்நோய் என்பது திரைப்படங்கள் பரப்பிய பிழை. பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலும் இருபதுகளிலும், அதாவது கல்லூரிப் பருவத்தில், இது தலைகாட்டுகிறது.

எம் மாமு மகன் மருந்தால் தேறினார். இடையில் மாத்திரையை நிறுத்தியபோது நோய் மீண்டது. மீண்டும் உட்கொண்டபோது தணிந்தது. இன்று குடும்பத்தின் மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறார்.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாது 28 பேர் மாண்டனர். அச்செய்தி கேட்ட அன்று எம் மாமி மகனின் கைகளைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துள்ளது. ஆயினும் இல்லத்தின் வெட்கம் என்னும் சங்கிலியைச் சட்டம் அறுக்க இயலாது. அதை நாமே அறுக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உடன் பயிலும் தோழன் ஒதுங்கினால் நகையாதீர்; ஆசிரியரிடம் உரையுங்கள். பெரியோர்களே! பிள்ளை பிதற்றினால் ஊருக்கு அஞ்சிக் கதவடைக்காதீர். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடுங்கள். 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கிறது. தொழுகைக்கு விரியும் கைகளே மருந்தையும் எடுத்துக் கொடுக்கட்டும்.