உயராத கைகள்



2008 ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, வேட்பாளர் ஜான் மெக்கெயின் மேடையில் கைகளை விறைப்பாக அசைப்பதைத் தொலைக்காட்சியில் கண்டு நான் நகைத்ததுண்டு. ஈராக் யுத்தத்தை ஆதரித்தவர் என்று அவர்மேல் எனக்குக் கோபம். அது இன்றும் மாறவில்லை.

அந்தக் கைகளின் வரலாற்றைப் பின்னரே வாசித்தேன். 1967 அக்டோபரில் ஹனோய் நகரின்மேல் அவருடைய போர்விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. இரு கைகளும் ஒரு காலும் முறிந்தவராய் ஏரியில் விழுந்து பிடிபட்டார். மறு ஆண்டு அவருடைய தகப்பனார் பசிபிக் படைகளின் தளபதியானபோது, வட வியட்நாமியர் அவரை விடுவிக்க முன்வந்தார்கள். தமக்கு முன்னே பிடிபட்டவர்கள் முதலில் போகட்டும் என்று அவர் மறுத்துவிட்டார். அடிகள் பெருகின. வேதனை தாளாமல் ஒரு வாக்குமூலத்தில் கையொப்பமிட்டதையும் அவர் பிற்பாடு மறைக்கவில்லை. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. 1973 மார்ச்சில் விடுதலையானார். கைகளைத் தலைக்குமேல் உயர்த்த அதன்பின் அவரால் கூடவில்லை.

தன்னை வேட்டையாடிய சவுலின் அநியாயத்தைத் தாவீது ஒருபோதும் நியாயம் என்று சொல்லவில்லை. ஆனாலும் அவன் மடிந்த செய்தி வந்த நாளில், யுத்தத்தில் அவன் காட்டிய வீரத்தைப் பாடி அழுதான்.

ஈராக்கைப்பற்றி வாதிட வருகிறவர்களிடம் இன்றும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அந்தக் கைகளைக் குறித்து யாரேனும் நகைத்தாலோ, எழுந்து போய்விடுகிறேன்.